நமுத்தால் பிஸ்கட், காய்ந்தால் கேக்
(வாசகர் கேள்வி – பதில்)

தேநீரோடு சாப்பிடும் பண்டங்களைப் பற்றிய கேள்விகளை வாசகர்களிடம் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே பண்டத்தைப் பற்றியவை: இங்கிலாந்தின் ஜாஃபா கேக். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளின் பெட்டியில் இது தவறாமல் இருப்பதுதான் காரணம் போலும். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

என் மகள் லண்டனிலிருந்து வரும்போதெல்லாம் ஜாஃபா கேக் பாக்கெட் கொண்டு வருகிறாள். வடிவம் பிஸ்கட், பாக்கெட்டும் பிஸ்கட் பாக்கெட்தான். பெயர் மட்டும் கேக். உண்மையில் இது எது?
– வாசகி, நாகர்கோவில்

கேக்.

இதை 1927-இல் சந்தைக்குக் கொண்டு வந்தது மெக்விட்டீஸ் நிறுவனம். குறுக்கே ஏறக்குறைய 54 மில்லிமீட்டர். மூன்று அடுக்கு: அடியில் முட்டை, மாவு, சர்க்கரை சேர்த்த பஞ்சு கேக், நடுவில் ஆரஞ்சு மணமுள்ள ஜெல்லி வில்லை, மேலே மட்டும் சாக்லேட். இன்றைய இஸ்ரேலில் உள்ள யாஃபா துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியான ஆரஞ்சின் பெயர்தான் இதற்கு வந்தது. ஆனால் அந்த ஜெல்லியின் உடம்பு ஆப்ரிகாட் பழக்கூழ். அதில் சேரும் டாஞ்சரின் (கமலா ஆரஞ்சு வகை) எண்ணெய்தான் ஆரஞ்சு மணத்தைத் தருகிறது.

இங்கிலாந்தில் கேக்குக்கு வாட் வரி கிடையாது. சாதாரண பிஸ்கட்டுக்கும் கிடையாது. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு மட்டும் முழு வரி. ஆகவே ஜாஃபா கேக் பிஸ்கட் என்றால் வரி உண்டு, கேக் என்றால் இல்லை. சுங்க வரித்துறை பிஸ்கட் என்றது. தயாரித்த நிறுவனம் கேக் என்றது. 1991-இல் வழக்கு வாட் தீர்ப்பாயத்துக்குப் போனது. தலைமை வகித்த பாட்டர் பண்டத்தை ஒவ்வொரு குணமாகப் பிரித்துப் பார்த்தார்.

பெயரில் கேக் என்று இருப்பதற்கு அவர் பெரிய மதிப்புத் தரவில்லை. பெயரை யாரும் எப்படியும் வைக்கலாம். அளவு, பாக்கெட், கடையில் அடுக்கும் இடம், தட்டும் முள்கரண்டியும் இல்லாமல் கையில் எடுத்துத் தின்பது ஆகிய நான்கும் பிஸ்கட் பக்கம். மறுபக்கத்தில் இருந்தவை கனமானவை. அடிப்பகுதியின் மாவு தோசைமாவு போல ஊற்றுகிற பதம். பிஸ்கட் மாவு பிசைந்து தேய்க்கிற பதம். கடித்தால் பிஸ்கட்டைப் போல 'டக்'கென்று ஒடிவதில்லை, மெத்தென்று இருக்கிறது. பருமனிலும் வாயில் படும் உணர்விலும் பஞ்சுப் பகுதி சும்மா பெயருக்கு இல்லை, கணிசமாக இருக்கிறது. கடைசியாக, நாள்பட்டால் அது கடினமாகிறது. பிஸ்கட் நாள்பட்டால் இளகும்.

கேக்கின் குணங்கள் போதுமான அளவுக்கு இருக்கின்றன, ஆகவே வரி இல்லை என்று தீர்ப்பானது.

கடினமாவதும் இளகுவதும் அவ்வளவு பெரிய ஆதாரமா? எந்தப் பண்டமும் நாள்பட்டால் கெடத்தானே செய்யும்?
– வாசகர், திருச்சி

கெடுவது வேறு, பழசாவது வேறு. பழசாகும் விதத்தைக் கவனித்தால் பண்டத்தின் உள்ளே தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று தெரிந்துவிடும். தமிழில் இதற்கு இரண்டு வெவ்வேறு சொற்களே இருக்கின்றன. அப்பளம், முறுக்கு, வறுத்த கடலை எல்லாம் 'நமுத்துப் போகும்'. இட்லி, ரொட்டி, பன் எல்லாம் 'காய்ந்து போகும்', 'விறைத்துப் போகும்'. நமுத்துப்போன இட்லி என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். காய்ந்துபோன முறுக்கு என்றும் சொல்வதில்லை. பாட்டர் ஆங்கிலத்தில் எழுதிய வேறுபாடு நம் சமையலறையில் அன்றாடப் பேச்சில் புழங்குவதுதான்.

காரணம் இது. பிஸ்கட்டில் ஈரம் பொதுவாக 5 சதவீதத்துக்குள் இருக்கும். அதில் மாவும் சர்க்கரையும் கண்ணாடி போல இறுகிய நிலையில் நிற்கின்றன. அந்த இறுக்கம்தான் மொறுமொறுப்பு. சுற்றிலும் உள்ள காற்றில் அதைவிட ஈரம் அதிகம். ஆகவே டப்பாவைத் திறந்த நிமிடத்திலிருந்து பிஸ்கட் ஈரத்தை உள்ளே இழுக்கிறது, இறுக்கம் தளர்கிறது, நமுத்துப் போகிறது.

கேக்கில் ஈரம் இதைப் போலப் பல மடங்கு. அது காற்றுக்கு ஈரத்தை இழக்கிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. வேகும்போது தண்ணீரைக் குடித்து உப்பிய மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்ல நெருங்கி மறுபடி அடுக்காக இறுகுகிறது. ஃப்ரிட்ஜில் மூடிவைத்த இட்லி, ஒரு சொட்டு ஈரத்தை இழக்காமலேயே மறுநாள் விறைத்து நிற்பது இதனால்தான். அதே இட்லியை ஆவியில் வைத்தால் மறுபடி மெத்தென்று ஆகிறதல்லவா? பழைய கேக் துண்டும் அப்படியே: மைக்ரோவேவில் 10 விநாடி வைத்தால் இளகும். நமுத்த பிஸ்கட்டுக்கு வேண்டியது நேர் எதிர் வைத்தியம். 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் உலர்த்தி, முழுக்க ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். எந்த வைத்தியத்துக்குக் கட்டுப்படுகிறதோ, பண்டம் அந்த ஜாதி.

வீட்டில் சோதித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் 80 சதவீதத்தைத் தொடும். அந்தக் காற்றில் பிஸ்கட் இரண்டு மணி நேரத்தில் நமுத்துவிடும். கேக் மட்டும் காயவே காயாது, பூஞ்சை பிடிக்கும். "கேக்கும் கடினமாகவில்லையே" என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஏ.சி. அறையிலோ, கோடையில் மதுரை, வேலூர் மாதிரி கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களிலோ இரண்டையும் ஒரே தட்டில் திறந்து வைத்து, ஒரு ராத்திரி கழித்து விரலால் அழுத்திப் பாருங்கள்.

அயர்லாந்து வரித்துறை இந்தப் பேச்சையெல்லாம் ஒரே எண்ணில் முடித்துவிட்டது. ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் என்றால் கேக். ஜாஃபா கேக் அங்கேயும் கேக்தான்.

தீர்ப்பு என்னவோ சொல்லட்டும். தேநீருக்கு விருந்தினர் வந்தால் பிஸ்கட் தட்டில்தானே இதை வைக்கிறார்கள்? மக்கள் எப்படி வைத்துச் சாப்பிடுகிறார்களோ அதுதானே பண்டத்தின் அடையாளம்? நான் இதைப் பிஸ்கட் என்றே சொல்வேன்.
– வாசகர், கோலாலம்பூர்

உங்கள் வாதத்தில் வலு இருக்கிறது. தீர்ப்பாயமே அதைக் கணக்கில் எடுத்து, பிஸ்கட் பக்கம்தான் எழுதி வைத்தது. ஆனாலும் எங்களால் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

வைக்கும் தட்டு பண்டத்தை மாற்றாது. தீபாவளிக்கு முறுக்கையும் அதிரசத்தையும் ஒரே தாம்பாளத்தில் வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறோம். அதனால் அதிரசம் முறுக்காகிவிடுவதில்லை. செய்முறை வேறு, பதம் வேறு, பழசாகும் விதமும் வேறு. ஜாஃபா கேக்கை அதன் சாக்லேட்டையும் ஜெல்லியையும் உரித்துவிட்டு அடிப்பகுதியை மட்டும் பாருங்கள். சின்ன வட்டமாக வெட்டிய பஞ்சு கேக் துண்டு. அதைத் தனியாகக் கொடுத்தால் யாரும் பிஸ்கட் என்று சொல்ல மாட்டார்கள். மேலே இரண்டு அடுக்கு ஏறியதும் அடியில் இருப்பது எப்படி வேறு பண்டமாகும்?

நீங்கள் மொழியின் பக்கம் போயிருந்தால் எங்களுக்குப் பதில் சொல்வது கடினமாக இருந்திருக்கும். பிஸ்கட் என்ற சொல்லின் வேர் லத்தீன். 'இரண்டு முறை சுட்டது' என்று பொருள். ஜெர்மனியில் அதே சொல் எண்ணெய், வெண்ணெய் சேராத பஞ்சு கேக்கைக் குறிக்கிறது. ரஷ்யாவிலும் அப்படித்தான். பிரான்ஸில் அந்தச் சொல் இரண்டுக்கும் ஆகும். அதாவது ஜாஃபா கேக்கின் அடிப்பகுதியை ஒரு ஜெர்மன் பேக்கரிக்காரரிடம் காட்டினால் அவர் தயங்காமல் "பிஸ்குயிட்" என்பார். அவர் சொல்வது பஞ்சு கேக்கை.

சாக்லேட் பூசினால் வரி, பூசாவிட்டால் இல்லை என்பது விநோதமாக இருக்கிறது. வேறு பண்டங்களுக்கும் இப்படிச் சண்டை நடந்திருக்கிறதா?
– வாசகி, சேலம்

நிறைய. பிரிட்டனில் வாட் வந்தது 1973-இல். அதில் சாப்பாட்டுக்கு வரி இல்லை, மிட்டாய் ரகத்துக்கு வரி உண்டு என்று பிரித்தார்கள். கேக்கையும் பிஸ்கட்டையும் சாப்பாட்டுப் பக்கம் வைத்தார்கள். சாக்லேட் பூசிய பிஸ்கட்டை மட்டும் மிட்டாய்ப் பக்கம் தள்ளினார்கள். கோடு அங்கே விழுந்ததால்தான் எல்லா வழக்கும் அந்தக் கோட்டின் மேலேயே நடக்கிறது. ஜாஃபா வழக்கு நடந்த 1991-இல் வாட் 15 சதவீதத்திலிருந்து 17.5 ஆக ஏறியது. 2011 ஜனவரி முதல் 20.

போர்பன் பிஸ்கட்டில் சாக்லேட் க்ரீம் இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே இருக்கிறது, வெளியே பூசவில்லை, வரி இல்லை. இஞ்சி பிஸ்கட் பொம்மைக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சாக்லேட் புள்ளி வைக்கலாம், வரி இல்லை. அதற்கு மேல் சாக்லேட்டில் அலங்காரம் செய்தால் வரி வந்துவிடும். இது வரித்துறையின் வழிகாட்டிக் குறிப்பிலேயே இருக்கிறது.

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையின் சாக்லேட் டீ கேக் 1973 முதல் பிஸ்கட்டாகவே கணக்கிடப்பட்டு வரி கட்டி வந்தது. 1994-இல் வரித்துறை அது கேக்தான் என்று ஒப்புக்கொண்டது. கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2009-இல்தான் முடிந்தது; தொகை 35 லட்சம் பவுண்டு. ஸ்காட்லாந்தில் 2014-இல் ஸ்நோபால் என்ற பண்டத்துக்கு வழக்கு நடந்தது. மார்ஷ்மெல்லோ உருண்டையில் சாக்லேட் பூசித் தேங்காய்ப்பூவில் புரட்டியது. அதில் மாவே கிடையாது. இருந்தும் கேக்குகள் நிறைந்த தட்டில் வைத்தால் பொருந்தி நிற்கும் என்று சொல்லி, கேக் என்றே தீர்ப்பளித்தார்கள். (கோலாலம்பூர் வாசகரின் தட்டு வாதம் இங்கே ஜெயித்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். எங்களைக் கேட்டால் ஸ்நோபால் தீர்ப்பைவிட ஜாஃபா தீர்ப்புதான் உறுதியான அடித்தளத்தில் நிற்கிறது.)

நம் நாட்டில் கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் வரி வித்தியாசம் உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

இல்லை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது இரண்டும் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டும் 5. ஆகவே ஜாஃபா வழக்கு இங்கே நடந்திருக்கவே முடியாது.

நம் நாட்டில் கோடு வேறு இடத்தில் விழுந்தது. ரொட்டிக்கு வரி இல்லை, ரஸ்க்குக்கு 5 சதவீதம், கேக்குக்கு 18 என்று ஒரே அடுப்பிலிருந்து வருபவை மூன்று படியில் நின்றன. 2024 செப்டம்பரில் உங்கள் ஊரில் நடந்த கூட்டத்தில், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று உணவக உரிமையாளர் ஒருவர் மத்திய நிதியமைச்சரிடம் சொன்னது நாடு முழுக்கப் பேசப்பட்டது. சாக்லேட் பூசிய வேஃபருக்கு 2017 ஜூலையில் 28 சதவீதம் வைத்து, அந்த நவம்பரிலேயே 18 ஆகக் குறைத்ததும் உண்டு. சாக்லேட் பட்டாலே ஆடம்பரம் என்று பார்க்கும் பழக்கம் லண்டனுக்கு மட்டும் சொந்தமில்லை.

வீட்டில் செய்ய முடியுமா? கடையில் கிடைக்கும் ஜெலட்டின் ஜெல்லியை வைத்துச் செய்தேன். சாக்லேட் ஊற்றியதும் எல்லாம் உருகி வழிந்துவிட்டது.
– வாசகி, மதுரை

முடியும். நீங்கள் மாற்ற வேண்டியது ஜெல்லியை மட்டும். ஜெலட்டின் 30–35 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். மதுரை வெயிலில் அது தானாகவே இளகும். சூடான சாக்லேட் பட்டால் கேட்கவே வேண்டாம். சைனா கிராஸ் (நோன்பு திறக்கும்போது செய்யும் கடல்பாசி) 40 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஆனால் மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். நம் ஊருக்கு அதுதான் சரி.

*ஜெல்லி.* முதல் நாளே செய்து வையுங்கள். 80 மில்லி தண்ணீரில் 2 கிராம் சைனா கிராஸ் தூளைக் கலந்து, கிளறிக்கொண்டே இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். இழையாக இருந்தால் 3 கிராம். 20 நிமிடம் ஊறவைத்துவிட்டுக் கொதிக்க வையுங்கள், இழை முழுக்கக் கரைய வேண்டும். 50 கிராம் சர்க்கரை சேர்த்துக் கரைந்ததும் இறக்குங்கள். வடிகட்டிய ஆரஞ்சுச் சாறு 100 மில்லியைக் கைபொறுக்கும் சூட்டில் தனியாக வைத்திருந்து இப்போது ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி ஆரஞ்சு மார்மலேடும், துருவிய ஆரஞ்சுத் தோல் அரை டீஸ்பூனும் சேருங்கள். 24க்கு 20 சென்டிமீட்டர் தட்டில் ஊற்றினால் 4 மில்லிமீட்டர் கனத்தில் உறையும்.

சாற்றைச் சைனா கிராஸோடு சேர்த்துக் கொதிக்க வைக்கக் கூடாது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அதன் உறையும் சக்தி போய்விடும். ஜெல்லி கொழகொழவென்று நிற்கும். சாறு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியில் இருந்தாலும் ஆகாது, ஊற்றிய இடத்திலேயே திட்டுத்திட்டாக உறையும்.

*அடிப்பகுதி.* முட்டை 2, பொடித்த சர்க்கரை 50 கிராம், மைதா 50 கிராம். எண்ணெய், வெண்ணெய், பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டாம். முட்டையையும் சர்க்கரையையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, விரல் வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும் வரை அடியுங்கள். பிறகு கீழே இறக்கி எலெக்ட்ரிக் பீட்டரில் ஆறு முதல் எட்டு நிமிடம். வெளுத்து, மூன்று மடங்காகப் பெருகி, பீட்டரைத் தூக்கினால் விழும் நாடா மேலேயே நின்று மூன்று விநாடி கழித்து அமிழ வேண்டும். அதுவரை நிறுத்தாதீர்கள். இந்தக் கேக்கில் காற்றைத் தவிர உப்பச் செய்ய வேறெதுவும் இல்லை.

மைதாவை மூன்று தடவையாகச் சலித்துத் தூவி, கரண்டியால் அடியிலிருந்து மேலே திருப்பிச் சேருங்கள். மாவு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். பட்டர் பேப்பர் போட்ட 30க்கு 25 சென்டிமீட்டர் தட்டில் மெல்லப் பரப்பி, 180 டிகிரி சூடேறிய அவனில் எட்டு அல்லது ஒன்பது நிமிடம். தொட்டால் திரும்பி எழ வேண்டும். ஓரம் சிவக்கவிட வேண்டாம். அவன் சிறியது என்றால் ஒரு முட்டைக்கான பாதி அளவில் இரண்டு முறை தனித்தனியாக அடித்துச் செய்யுங்கள். அடித்த மாவைக் காத்திருக்க வைத்தால் காற்றெல்லாம் இறங்கிவிடும். குக்கரில் செய்பவர்கள் கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றி, அடியில் ஒரு டம்ளர் உப்பு பரப்பி, ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் மூடிச் சூடாக்குங்கள். பிறகு ஒரு முட்டைக்கான பாதி அளவில் அடித்த மாவைத் தட்டில் ஊற்றி வைத்துச் சிறுதீயில் 12 முதல் 14 நிமிடம்.

ஆறியதும் ஐந்தரை சென்டிமீட்டர் வாயுள்ள டம்ளரால் வட்டமாக வெட்டுங்கள். இருபது வரும்.

*சேர்ப்பது.* ஜெல்லியை நாலு சென்டிமீட்டர் மூடியால் வெட்டி, டிஷ்யூ பேப்பரில் இரண்டு பக்கமும் ஒற்றி எடுங்கள். சைனா கிராஸ் ஜெல்லி கொஞ்சம் தண்ணீர் விடும். ஒற்றாமல் வைத்தால் சாக்லேட் ஒட்டாமல் தோலாக உரிந்து வரும். டார்க் சாக்லேட் 180 கிராம். அதில் 120 கிராமை 45–50 டிகிரியில் உருக்கி, இறக்கி, மீதி 60 கிராமைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறி 31–32 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். கேக், அதன் மேல் ஜெல்லி, அதன் மேல் ஒரு கரண்டி சாக்லேட். ஓரம்வரை பரவட்டும், அடியில் வேண்டாம். பாதி உறைந்ததும் முள்கரண்டியின் பற்களை மேலே லேசாக அழுத்தினால் கடைப் பண்டத்தில் இருக்கும் கோடுகள் கிடைக்கும்.

வெப்பமானி இல்லையென்றால் காம்பவுண்டு சாக்லேட் வாங்குங்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு இருப்பதால் இந்தச் சூட்டுக் கணக்கு தேவைப்படாது. வாசனை ஒரு படி குறையும், பளபளப்பு இருக்கும்.

செய்து பார்த்தேன். அடிப்பகுதி தோல் மாதிரி இழுக்கிறது. சாக்லேட்டில் மறுநாள் வெள்ளைத் திட்டு வந்துவிட்டது. பூஞ்சையா?
– வாசகி, ஈரோடு

ஒரே நாளில் வந்தது என்றால் பூஞ்சை இல்லை. கோகோ வெண்ணெய் சரியான சூட்டில் உறையாமல் மேலே வந்து படிந்தது. தைரியமாகச் சாப்பிடலாம். 32 டிகிரிக்கு இறக்காமல் சுடச்சுட ஊற்றியிருப்பீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே திறந்து வைத்தாலும் திட்டு வரும், அது வேறு வகை: மேலே வியர்க்கும் நீர் சர்க்கரையைக் கரைத்து, உலர்ந்தபின் சொரசொரப்பாக விட்டுச் செல்லும். விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் கொழுப்பு, சொரசொரத்தால் சர்க்கரை.

அடிப்பகுதி இழுப்பதற்குக் காரணம் மைதாவைச் சேர்த்தபின் அதிகம் கலக்கியது. காற்று இறங்கி, மாவில் பசை ஏறிவிட்டது. மொறுமொறுவென்று ஒடிந்தால் வேறு காரணம்: கூடுதலாகச் சுட்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று நிமிடம் அதிகமானாலே இவ்வளவு மெல்லிய கேக் உலர்ந்துவிடும். அப்போது நீங்கள் செய்தது உண்மையிலேயே பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட ஒன்று.

சாக்லேட் திடீரென்று மண்மண்ணாகத் திரிந்துபோனது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரோ, மேலே மூடிய தட்டின் ஆவியோ விழுந்திருக்கும். இனி அது பூசுவதற்கு ஆகாது. சூடான பால் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிடுங்கள்.

முட்டை சேர்க்காமல் செய்யலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

செய்யலாம், ஆனால் அது வேறு கேக். மைதா 75 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஆப்ப சோடா ஒரு சிட்டிகை மூன்றையும் சலித்துக்கொள்ளுங்கள். அடித்த தயிர் 75 மில்லி, சர்க்கரை 45 கிராம், மணமில்லாத எண்ணெய் 25 மில்லி கலந்து, மாவைச் சேர்த்து உடனே அவனில் வையுங்கள். எண்ணெய் இருப்பதால் கடினமாக இன்னும் நாளாகும். ஆனால் பொடிப்பொடியாக உதிரும் தன்மை உண்டு; டம்ளரால் வெட்டுவதற்கு முன் அரைமணி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓரம் சிதையாது.

பேக்கரியில் விற்கும் கேக் ரஸ்க் கேக்கா, பிஸ்கட்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பிறப்பால் கேக். முதலில் கேக்காகவே சுட்டு, துண்டு போட்டு, இரண்டாம் முறை 140–150 டிகிரியில் உலர்த்தி எடுக்கிறார்கள். 'இரண்டு முறை சுட்டது' என்ற பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான பண்டம் இல்லை. டப்பாவைத் திறந்து வைத்தால் நமுத்துப் போகும். எங்கள் அளவுகோலின்படி பிஸ்கட் பக்கம்.

ஜாஃபா கேக்கைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடலாமா? எத்தனை நாள் வைத்திருக்கலாம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

நனைக்க வேண்டாம். பிஸ்கட் நனைவதற்கென்றே அமைந்தது: உலர்ந்திருப்பதால் இழுக்கும், இறுகியிருப்பதால் இரண்டு விநாடியாவது தாங்கும். பஞ்சு கேக் உடனே ஊறி உடைந்து கோப்பையின் அடியில் தங்கும். சாக்லேட் 34 டிகிரியிலேயே உருகுவதால் தேநீரின் மேல் எண்ணெய் மிதக்கும்.

கடைப் பாக்கெட்டைத் திறந்துவிட்டால் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு நாலைந்து நாளில் முடித்துவிடுங்கள். வீட்டில் செய்தது இரண்டு நாள்தான். தொழிற்சாலை ஜெல்லியில் சர்க்கரை மிக அதிகம். அதனால் தண்ணீர் அங்கேயே கட்டுண்டு கிடக்கும். நாம் செய்யும் ஜெல்லியில் சர்க்கரை குறைவு, தண்ணீர் கீழே இறங்கிக் கேக்கை நனைத்துக்கொண்டே இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் டப்பாவை மூடியபடியே வெளியே எடுத்து, அரைமணி கழித்துத் திறங்கள். பிஸ்கட்டை மட்டும் அதே டப்பாவில் போட்டுவிடாதீர்கள். கேக் விடும் ஈரம் முழுவதையும் அது குடிக்கும். காலையில் கேக் காய்ந்திருக்கும், பிஸ்கட் நமுத்திருக்கும்.